எல்கடுவையில் ஒரு சிவப்புக் கோடு

என் பெட்டிக்குள் ஒரு கால் எலும்பு இருந்தது. கொழும்பு விமான நிலையத்தில் சுங்க அதிகாரி அதை இரண்டு விரல்களால் தூக்கிப் பிடித்து, பக்கத்து மேசைக்காரரிடம் சிங்களத்தில் ஏதோ சொன்னார். எனக்குப் பின்னால் நின்றவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு மொழிபெயர்த்தார்: "மிச்ச ஆள் எங்கே என்று கேட்கிறார்."

பிளாஸ்டிக் எலும்பு, வகுப்பெடுக்கக் கொண்டுவந்தது என்று விளக்கினேன். அதோடு இருந்த எஃகுக் கம்பியைக் காட்டி இது என்ன என்றார். முழங்காலுக்குக் கீழே துளை போட்டு இதை எலும்புக்குள் இறக்குவோம் என்றேன். தன் காலை ஒரு முறை பார்த்துக்கொண்டு, பெட்டியை அவரே மூடிக் கொடுத்துவிட்டார்.

மதுரையில் இருபத்திரண்டு வருடமாக எலும்பு ஒட்டவைக்கும் வேலை பார்க்கிறேன். பெண் எலும்பு டாக்டர் என்றால் இன்றும் சிலர் முதலில் என் கையைத்தான் பார்ப்பார்கள், இது சுத்தியல் பிடிக்குமா என்று. பிடிக்கும். மாத்தளையில் இருக்கும் யோகநாதனுக்கு அது நன்றாகத் தெரியும். பல வருடங்களுக்கு முன் சென்னையில் இருவரும் ஒரே பிரிவில் ஆறு மாதம் பயிற்சி எடுத்தோம். அவர் யாழ்ப்பாணத்துக்காரர், வேலை கிடைத்து மலையடிவாரத்துக்கு வந்து அங்கேயே தங்கிவிட்டார்.

அன்றிலிருந்து எங்களுக்குள் ஒரே சண்டைதான். கீழ்க்கால் எலும்பு உடைந்து தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டால், அதை எதைக் கொண்டு நிறுத்துவது? நான் ராடு கட்சி. எலும்பின் நடுக்குழாய்க்குள் ஒரு நீளக் கம்பியை இறக்கி, மேலும் கீழும் திருகாணி போட்டு முடித்துவிடலாம். வெளியே ஒன்றும் தெரியாது, சீக்கிரம் நடக்கலாம். யோகன் சட்டம் கட்சி. உடைந்த இடத்துக்கு மேலேயும் கீழேயும் கம்பிகளைக் குத்தி, அவற்றைத் தோலுக்கு வெளியே ஒரு தண்டோடு நட்டு போட்டு இணைப்பார். அழுக்கான புண்ணுக்குள் இரும்பை விடாமல் இருப்பதே புத்தி என்பார். பயந்தவர்களின் வைத்தியம் என்று நான் கிண்டல் செய்வேன்.

இப்போது அவரே கூப்பிட்டிருந்தார். அவருடைய இளம் டாக்டர்களுக்கு இரண்டு முறைகளையும் ஒப்பிட்டு ஒரு வகுப்பு எடுக்க வேண்டும், கூடவே ஒரு நோயாளியைப் பார்த்து முடிவு சொல்ல வேண்டும். சட்டம் போட்டு ஐந்து மாதமாகியும் எலும்பு ஒட்டவில்லை என்று அவர் வாயாலேயே சொன்னதும் அடுத்த வாரமே கிளம்பிவிட்டேன். ஜெயித்த கட்சிக்காரியாகத்தான் போனேன் என்பதை மறைக்க வேண்டியதில்லை.

கண்டியிலிருந்து மாத்தளைக்குப் போன ரயில் எங்கள் ஊர் ஜட்கா வண்டியைவிட நிதானமாகப் போனது. கூடைக்காரர் ஒருவர் முழு இறாலை மேலே பதித்த வடையை நீட்டினார். வடையில் மீசை முளைத்திருப்பதை முதன்முறையாகப் பார்த்தேன். மூன்று தின்றேன். நாலாவதை வாங்கக் கை நீட்டியபோது ரயில் ஒரு குலுக்கு குலுக்கியது, மேலே வைத்திருந்த பை சாய்ந்தது, எலும்பு எட்டிப் பார்த்தது. எதிரே இருந்த அம்மா கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டு அடுத்த பெட்டிக்குப் போய்விட்டார்.

ஸ்டேஷனில் யோகன் அனுப்பிய த்ரீவீலர் நின்றது. நம் ஊர் ஆட்டோதான், ஆனால் உள்ளே மெத்தை விரிப்பும் பிளாஸ்டிக் ரோஜாவும் இருந்தன. ஓட்டுபவர் நிசார் நானா. அங்கே முஸ்லிம்கள் அண்ணனை நானா என்பார்கள். பரம்பரை பரம்பரையாக மாத்தளைக்காரர்கள், வாப்பா மிளகு வியாபாரி என்றார். வீடு போய்ச் சேர எவ்வளவு நேரமாகும் என்று கேட்டதற்கு "இன்ஷா அல்லாஹ் பத்து நிமிசம்" என்றார். மதுரையில் ஆட்டோக்காரர்கள் கடவுளைத் துணைக்கழைப்பதில்லை, நாம்தான் அழைப்போம்.

யோகன் வீட்டு மாடியிலிருந்து முத்துமாரியம்மன் கோபுரம் தெரிந்தது. எங்கள் ஊர்க் கோபுரத்தைப் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு வேறு எந்தக் கோபுரமும் கொஞ்சம் குள்ளம்தான். அதைச் சொல்லாமல் இருக்க என்னால் முடியவில்லை. யோகன் கோபித்துக்கொள்ளாமல் சாப்பாடு எடுத்து வைத்தார். அவர் மனைவி யாழ்ப்பாணத்தில் ஆசிரியை, அதனால் இந்த வீட்டில் சமையல் என்பது கடையிலிருந்து வரும் பாண், பருப்புக் கறி, தேங்காய்ச் சம்பல். நாம் ரொட்டி, பிரெட் என்று சொல்வதைத்தான் பாண் என்கிறார்கள். காய்ச்சல்காரர்களுக்கு மட்டும் பாலில் நனைத்துக் கொடுப்போமே, அதைச் சம்பலோடு தின்ன எனக்கு ஐம்பது வயது ஆக வேண்டியிருந்தது.

செவ்வாய்க்கிழமை காலை கிளினிக். இரத்தோட்டைப் பக்கமிருந்து முதல் பஸ்ஸில் வந்தவர்களின் துணியில் கிராம்பு மணத்தது. மதுரையில் என்னிடம் வருபவர்கள் பெரும்பாலும் பைக்கிலிருந்து விழுந்தவர்கள். இங்கே படிக்கட்டில் சறுக்கியவர்கள், மிளகு பறிக்க மரமேறி விழுந்தவர்கள், உருண்டு வந்த கல்லில் அடிபட்டவர்கள்.

பதினொன்றாவதாக வந்தவர் செல்வராணி. முப்பத்து நான்கு வயது, எல்கடுவைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர். ஐந்து மாதத்துக்கு முன் கொழுந்து ஏற்றும் டிராக்டர் மழையில் சறுக்கி, அவருடைய வலது காலை மேட்டோடு சேர்த்து நசுக்கிவிட்டது. எலும்பு வெளியே வந்திருந்தது. யோகன் அன்றே புண்ணைக் கழுவிச் சட்டம் போட்டார். பிறகு தொடையிலிருந்து தோலெடுத்து ஒட்டினார். அந்த ஒட்டு வேலையைப் பார்த்ததும் எனக்கு அவர் மேல் மரியாதை வந்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

சட்டத்தின் மேல் பழைய சேலையில் தைத்த ஓர் உறை, சுருக்குக் கயிற்றோடு. அவிழ்த்ததும் அசந்துபோனேன். கம்பிகள் தோலுக்குள் நுழையும் இடங்களில் ஒரு சொட்டுச் சீழ் இல்லை, சிவப்பு இல்லை. ஐந்து மாதச் சட்டம் என்றால் எங்கள் ஊரில் நாலு இடத்திலாவது கசியும். இது கடையிலிருந்து நேற்று வாங்கி வந்ததைப் போல மின்னியது.

யார் இப்படித் துடைப்பது என்று கேட்டேன்.

"வீட்டுக்காரருதாங்க. ஸ்டோருல பிட்டரா இருக்காரு. ஞாயித்துக்கிழமையானா இதுதான் அவருக்கு வேலை."

தேயிலைத் தொழிற்சாலையை அங்கே ஸ்டோர் என்கிறார்கள். சட்டத்தின் ஒவ்வொரு நட்டின் மேலும் மெல்லிய சிவப்புக் கோடு ஒன்று, நட்டில் தொடங்கி அதற்கடியில் இருந்த பிடியின் மேல் முடிந்தது. யோகனின் அடையாளம் என்று நினைத்துக்கொண்டேன். வர வர உங்கள் வேலையில் கலையம்சம் கூடுகிறது என்று அவரைச் சீண்டினேன். அவர் இன்னொரு நோயாளியின் சீட்டில் கையெழுத்துப் போட்டபடியே "ம்" என்றார்.

எக்ஸ்ரேயில் எலும்பின் இரண்டு முனைகளும் முகம் பார்த்து நின்றன, நடுவில் பாலம் இல்லை. கோப்பைப் புரட்டினேன். இரண்டு மாதத்துக்கு முன் தண்டின் கீழ்ப்பக்கத்து இரண்டு நட்டுகளையும் தளர்த்தியாயிற்று என்று யோகன் எழுதியிருந்தார். அது சரியான வைத்தியம். சட்டம் கடைசிவரை இறுக்கமாகவே இருந்தால் உடம்பின் பாரம் தண்டு வழியாகத் தரைக்குப் போய்விடும், எலும்புக்கு வேலை இருக்காது. வேலையில்லாத எலும்பு வளராது. அதனால் ஒரு கட்டத்தில் குறிப்பிட்ட நட்டுகளைத் தளர்த்தி, நடக்கும்போது உடைந்த முனைகள் ஒன்றையொன்று மெல்ல அழுத்தும்படி விடுவோம். அதையும் செய்து இரண்டு மாதம் ஆயிற்று, ஒட்டவில்லை. ஆகவே சட்டம் தோற்றது. ஐந்து நிமிடத்தில் தீர்ப்புச் சொல்லிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை சட்டத்தைக் கழற்றி மாவுக்கட்டுப் போடுவது. கம்பித் துளைகள் ஆறியபின் யோகன் ராடு போடுவது, அதற்கான அளவையும் வரிசையையும் நான் வரைந்து தருவது. இதில் ஒரே ஓர் ஆபத்து உண்டு. துளைகளின் வழியாகக் கிருமி ஏற்கனவே உள்ளே குடியேறியிருந்தால், ராடு அதை எலும்பு நெடுகக் கொண்டுபோய்விடும். பிறகு காலே தங்காமல் போகலாம்.

செல்வராணிக்கு அது யாரும் சொல்லாமலே தெரிந்திருந்தது. "பக்கத்து டிவிசன்ல ஒரு அக்காவுக்கு மூணாவது ஆபரேசன்ல காலையே எடுத்துட்டாங்க. எனக்கு இது மூணாவது" என்றார். அழவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ராடு வைத்தால் மறுபடி பெரட்டுக்குப் போக முடியுமா என்று கேட்டார். காலையில் ஆட்களைக் கூட்டி எந்த மலையில் வேலை என்று பிரித்து அனுப்பும் இடம் அது. அங்கிருந்து மலைக்கு நடந்துதான் ஏற வேண்டும்.

"போவீங்க. காலுக்கு ஒண்ணும் ஆகாது" என்றேன். என் குரலில் எப்போதும் சந்தேகம் இருக்காது. நோயாளிகளுக்கு அது பிடிக்கும்.

புதன்கிழமை வகுப்பு. பிளாஸ்டிக் எலும்பை மேசையில் பூட்டி, ரம்பத்தால் அறுத்து, ராடு இறக்கிக் காட்டினேன். மூன்றாவது தட்டில் எலும்பு பிடியிலிருந்து நழுவிக் கடைசி வரிசைக்குப் போய் விழுந்தது. ஒரு பெண் டாக்டர் அதைத் தோளில் சாத்தி எடுத்து வந்து கொடுத்தார். அதற்கப்புறம் வகுப்பு நன்றாக நடந்தது.

நானும் யோகனும் மாறி மாறிப் பேசினோம். புண்ணை எவ்வளவு சீக்கிரம், எவ்வளவு நன்றாகக் கழுவுகிறோம் என்பதே பாதி வெற்றி என்பதில் எங்களுக்குள் சண்டை இல்லை. அதற்குப் பிறகு எல்லாவற்றிலும் உண்டு. சட்டம் வீட்டில் தினமும் துடைக்கப்பட வேண்டும், கதவில் இடிக்கும், போர்வையில் சிக்கும், பல நேரம் எலும்பு சற்றுக் கோணலாக ஒட்டும் என்றேன் நான். ராடு போட்டவர்களில் பலருக்கு முழங்கால் முன்பக்கம் வலி நிற்கும், முட்டி போட முடியாது, சரிவில் இறங்கும்போது முகம் சுளிப்பார்கள் என்றார் அவர். "உமக்கு மதுரையில தரை சமம். இஞ்ச ஒருத்தருக்கும் சமதரை இல்லை. நாளைக்கு மேல போய்ப் பாரும், பிறகு கதைப்பம்" என்றார்.

சவாலைக் கேட்டு ஒதுங்குகிற ஆள் நானில்லை. வியாழக்கிழமை காலை நிசார் நானாவின் த்ரீவீலரில் எல்கடுவைக்கு ஏறினேன். யோகனுக்கு ஆபரேஷன் தியேட்டரில் வேலை. செல்வராணியையும் அன்று மாலைக்குள் வார்டில் சேர்க்க வேண்டும், வரும்போது அழைத்து வந்துவிடுவதாகச் சொல்லியிருந்தேன். ஒவ்வொரு வளைவிலும் நிசார் நானா போனில் சிங்களத்தில் பேசினார். யாரோடு என்று கேட்டேன். தங்கச்சி வீட்டுக்காரரோடு, அவர் மெக்கானிக், கிளச் ஒரு மாதிரி இழுக்கிறது என்று சொன்னதற்கு இன்றைக்கு மேலே போகாதே என்கிறார் என்றார். சொல்லி முடிப்பதற்குள் "டக்" என்று ஒரு சத்தம்.

"கேபிள் போயிட்டு மெடம். பயப்படத் தேவல்ல, மேல ஸ்டோர்ல ஆள் ஈக்கி" என்றார். வண்டி பின்னால் நகராமல் டயருக்கு ஒரு கல்லை முட்டுக் கொடுத்துவிட்டு, உடைந்த கேபிளைக் கையில் சுற்றிக்கொண்டு நடந்து போனார். எனக்குக் கிடைத்தது அரை மணி நேரமும் ஒரு மலையும்.

தேயிலைச் செடிகளின் நடுவே இறங்கினேன். தூரத்திலிருந்து பார்த்தால் பச்சை மெத்தை. உள்ளே போனால் இடுப்புயரத்துக்கு விறகுக் கட்டை. இரண்டு வரிசைக்கு நடுவில் ஓர் ஆள் நுழையத்தான் இடம். பத்தடி போவதற்குள் என் சுடிதாரை மூன்று இடத்தில் செடி பிடித்து இழுத்தது. இதற்குள் காலுக்கு வெளியே முழ நீளத் தண்டோடு ஒருத்தி நடப்பதை நினைத்துப் பார்த்தேன். என் கட்சிக்கு ஒரு மதிப்பெண். அடுத்து இறங்கத் தொடங்கினேன். எட்டாவது அடியில் என் சொந்த முழங்கால்கள் கெஞ்சின. உள்ளே ஒன்றும் போடாத முழங்கால்களே. அவர் கட்சிக்கு ஒன்று. மேல் வரிசையில் பறித்துக்கொண்டிருந்த பெண்களில் ஒருவர், "நேரா எறங்காதீங்கம்மா, பக்கவாட்டுல கால வைங்க" என்று சொல்லிக்கொடுத்தார். மற்றவர்கள் சிரித்தார்கள். பக்கவாட்டில் வைத்ததும் பிழைத்தேன். இருபத்திரண்டு வருடத்தில் எந்தப் பாடப் புத்தகமும் எனக்கு அதைச் சொல்லவில்லை.

திரும்பி ஏறியபோது, த்ரீவீலருக்கு அடியில் ஒருவர் மல்லாந்து படுத்திருந்தார். எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு கும்பிட்டார். நாற்பது வயதிருக்கும், தேயிலைத் தூசு படிந்த காக்கிச் சட்டை. "நான் மாணிக்கங்க, செல்வராணி வீட்டுக்காரரு. நீங்க வர்றதாச் சொன்னுச்சு" என்றார். கேபிளுக்குப் பொருத்தமான துண்டு ஸ்டோரில் இருந்ததாம், அதை வெட்டி மாட்டியிருந்தார். நிசார் நானா கிளச்சை இழுத்துப் பார்த்து, புதுசில்கூட இப்படி இருந்ததில்லை என்றார்.

சட்டம் எவ்வளவு சுத்தமாக இருந்தது என்று மாணிக்கத்திடம் மனதாரச் சொன்னேன். மனிதர் நெளிந்தார். தண்ணீரைக் கொதிக்கவைத்து உப்புப் போட்டு ஆறவைப்பது, ஒவ்வொரு கம்பிக்கும் தனித்தனித் துணி, துணிகளை வெயிலில் காயப்போடுவது என்று வரிசையாகச் சொன்னார். பேசிக்கொண்டே சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன நகப்பூச்சுப் புட்டியை எடுத்தார். கேபிளைப் பிடித்திருந்த நட்டின் மேல் மெல்லியதாக ஒரு கோடு இழுத்தார். நட்டில் தொடங்கி அடித்தகட்டில் முடிந்தது.

சிவப்பு.

கிளினிக்கில் பார்த்த அதே கோடு. இது எதற்கு என்று கேட்டேன்.

"அடையாளங்க. ரோலர் மெசின் ஆடுற ஆட்டத்துல நட்டு தானா கழண்டுக்கும். முறுக்கி வச்சு கோடு போட்டுட்டா, கோடு ஒடைஞ்சிருக்கறதப் பாத்ததும் தெரிஞ்சிரும். ஸ்டோருல எல்லா நட்டுக்கும் நான் போட்டிருக்கேன். அது கால்லயும் போட்டிருக்கேன், நீங்க பாத்திருப்பீங்களே."

"கால்ல எந்த நட்டாவது கழண்டிருந்துச்சா?"

"ரெண்டு மாசத்துக்கு முந்தி ஒருக்கா கழண்டிருந்துச்சுங்க. கீழ ரெண்டு நட்டு. ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்து, நல்லா ஊண்டி நடக்கச் சொன்னாங்கன்னு சொன்னுச்சு. நடக்கப் போறான்னா எல்லாம் டைட்டா இருக்கணுமில்ல? பத்தாம் நம்பர் ஸ்பேனரு போட்டு நல்லா முறுக்கிட்டேன். அதுலேருந்து ஞாயித்துக்கிழமையானா ஒவ்வொண்ணா பாத்துருவேன். இன்னைய வரைக்கும் அசையலிங்க."

அவர் முகத்தில் இருந்தது பெருமை. நான் பக்கத்துக் கல்லில் உட்கார்ந்துவிட்டேன்.

எலும்புக்கு இரண்டு மாதமாக வேலையே கொடுக்கப்படவில்லை. சட்டம் தோற்கவில்லை. அதைத் தோற்கும்படி இறுக்கிப் பிடித்திருந்தது ஒரு நல்ல பிட்டரின் கை. நாளைக் காலையில் நாங்கள் அதைக் கழற்றி எறிந்துவிட்டு, செல்வராணி பயந்த அந்த மூன்றாவது ஆபரேஷனுக்கு வழி போட இருந்தோம். யோகன் தான் எழுதியதை நம்பினார், நான் யோகன் எழுதியதை நம்பினேன். அந்த நட்டின் மேல் ஸ்பேனரை வைத்துப் பார்க்க இரண்டு எலும்பு டாக்டர்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. சிவப்புக் கோட்டைக் கண்ணால் பார்த்தும் கிண்டலடித்துவிட்டு நகர்ந்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது.

மாணிக்கத்துக்கு விளக்கினேன். இயந்திரத்தில் நட்டு தளர்ந்தால் கோளாறு, எலும்பில் சில சமயம் அதுதான் மருந்து. அந்த இரண்டையும் டாக்டர் வேண்டுமென்றே தளர்த்தினார். நடக்கும்போது பாரம் எலும்பில் விழுந்தால்தான் எலும்பு வளரும். பாதியிலேயே அவருக்குப் புரிந்துவிட்டது. ஸ்பேனரைத் தரையில் வைத்துவிட்டார்.

"அப்ப நாந்தான் கெடுத்துட்டேன்" என்றார்.

"இல்ல. உங்ககிட்ட சொல்லியிருக்கணும். நாங்க சொல்லல" என்றேன். அவர் தலையாட்டினார், ஆனால் கேட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை. தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்துக்கு நடந்தபோது எங்கள் இருவருக்கும் முன்னால் போனவர், வாசலில் செல்வராணியைப் பார்த்ததும் நின்றுவிட்டார். விஷயத்தை நான்தான் சொன்னேன். செல்வராணி புருஷன் பக்கம் திரும்பினார். டாக்டர் நட்டைத் தொட்டபோது பயத்தில் தான் கண்ணை மூடிக்கொண்டிருந்ததாகவும், நடக்கச் சொன்னது மட்டும்தான் காதில் விழுந்ததாகவும் சொன்னார். பிறகு உள்ளே போய் எங்களுக்குத் தேத்தண்ணீர் கொண்டுவந்தார். பால் சேர்க்காத சுடு சாயம், கடித்துக்கொள்ள ஒரு துண்டு கருப்பட்டி. தேயிலை விளைகிற இடத்தில் குடித்த அந்தத் தேநீர் எனக்கு என்ன ருசி என்று இப்போது நினைவில்லை.

நான்கு பேரும் நிசார் நானாவின் வண்டியில் இறங்கினோம். செல்வராணியின் காலை நீட்டி வைக்க என் மடியைக் கொடுத்தேன். கிளச் ஒரு முறைகூட முனகவில்லை.

அன்று சாயங்காலம் யோகன் வீட்டில் நடந்ததுதான் இந்தப் பயணத்தின் வேடிக்கை. விஷயத்தைக் கேட்டதும் அவர் பாணைத் தட்டில் வைத்துவிட்டு எழுந்து, மாடிக்கும் கூடத்துக்குமாக நடந்தார். தான்தான் அடுத்தடுத்த மாதங்களில் நட்டைச் சோதித்திருக்க வேண்டும், இதற்கு மேலும் அந்தப் பிள்ளையைக் காக்கவைக்க ஏலாது, நாளைக்கே கழற்றுவோம், ராடு போடுவோம் என்றார். வேண்டாம், சட்டத்தை விடுங்கள் என்றேன் நான். துளைகள் இவ்வளவு சுத்தமாக இருக்கும்போது எதற்கு அவசரம், இதுவரை கிடைக்காத வைத்தியத்தை இப்போது கொடுத்துப் பார்ப்போம், ஆறு வாரம் தளர்த்தி நடக்கவிடுவோம் என்றேன். சென்னை நாட்களிலிருந்து ராடுக்காகத் தொண்டை கிழியக் கத்தியவள் சட்டத்துக்கு வக்காலத்து வாங்கினேன், சட்டத்தின் பரம ரசிகர் ராடு கேட்டார். அதை முதலில் கவனித்தது அவர்தான்.

"நீர் எந்தக் கட்சி எண்டு இப்ப சொல்லும்" என்றார். சிரிப்பு வந்தது, ஆனால் இருவரும் பெரிதாகச் சிரிக்கவில்லை. ஆறு வாரத்தில் எலும்பு வளரவில்லை என்றால் காலம்தான் வீணாகும், துளைகளில் கிருமி வரும் வாய்ப்பும் கூடும். அது எங்கள் இருவருக்குமே தெரியும். கடைசியில் செல்வராணியிடமே கேட்பது என்று முடிவெடுத்தோம்.

வெள்ளிக்கிழமை காலை, கட்டுப் போடும் அறை. இந்த முறை மாணிக்கத்தையும் உள்ளே கூப்பிட்டு நாற்காலி போட்டோம். யோகன் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்து, இரண்டு வழிகளையும் அவற்றில் உள்ள ஆபத்துகளையும் நிதானமாகச் சொன்னார். என்னைவிட நன்றாகச் சொன்னார். நடுவில் ஒரு முறை நிறுத்தி, "நான் பிறகு நட்டைப் பார்த்திருக்க வேணும். பார்க்கேல்லை. அது என்ர பிழை" என்றார். ஒரு டாக்டர் நோயாளியிடம் அப்படிச் சொல்லி நான் அதிகம் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை.

செல்வராணி யோசிக்க அதிக நேரம் எடுக்கவில்லை. "ஆறு வாரம் நடக்குறேங்க. ஆகலேன்னா ராடு போடுங்க" என்றார்.

யோகன் பத்தாம் நம்பர் ஸ்பேனரை எடுத்து மாணிக்கத்திடம் நீட்டினார். அவர் தயங்கினார். தன் கையால் ஒரு நட்டைத் தளர்த்தி விட்டுவிட்டு வருவது அந்த மனிதருக்கு எவ்வளவு கஷ்டம் என்று அவர் விரல்களைப் பார்த்தால் தெரிந்தது. யோகன் எவ்வளவு என்று காட்டினார். முதல் நட்டு கால் சுற்று. இரண்டாவதும் கால் சுற்று. மாணிக்கம் பையிலிருந்து நகப்பூச்சுப் புட்டியையும் ஒரு பஞ்சையும் எடுத்தார். பஞ்சை அறையிலிருந்த ஸ்பிரிட்டில் நனைத்து, பழைய கோட்டை அழுத்தித் துடைத்தார். தளர்ந்து நின்ற இடத்தில் புதுக் கோடு இழுத்தார். இனி இது நகர்ந்தால் முறுக்கினாலும் தெரியும், கழன்றாலும் தெரியும் என்று எங்கள் மூவருக்கும் பொதுவாகச் சொன்னார்.

செல்வராணியை எழுப்பி நிறுத்தினோம். வலது காலை ஊன்றினார். சட்டம் ஒரு மயிரிழை இறங்கியது. "எலும்புல படுதுங்க" என்றார். வலிக்கிறதா என்று பதறினார் மாணிக்கம். வலிக்கிறது, ஆனால் இத்தனை நாள் வலித்த மாதிரி இல்லை என்றார் அவர். அறையைச் சுற்றி ஒரு முறை நடந்தார். நாங்கள் மூன்று பேரும் அவர் முகத்தைப் பார்க்காமல் அந்த இரண்டு நட்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

சனிக்கிழமை கிளம்பினேன். நிசார் நானா அவருடைய வாப்பாவின் கடை மிளகில் ஒரு பொட்டலம் கட்டிக் கொடுத்தார். பிளாஸ்டிக் எலும்பை யோகனின் வகுப்பறையிலேயே விட்டுவிட்டேன். கொழும்பில் பெட்டியை யாரும் திறக்கச் சொல்லவில்லை, அதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

ஆறு வாரம் கழித்து யோகன் ஓர் எக்ஸ்ரே படம் அனுப்பினார். எலும்பின் இரண்டு முனைகளைச் சுற்றியும் வெள்ளையாகப் புகை படிந்ததுபோல ஒன்று தெரிந்தது. அது புது எலும்பு. அதற்குப் பின் மூன்று மாதத்தில் சட்டத்தைக் கழற்றினார்கள். ராடு தேவைப்படவில்லை.

இதனால் நான் கட்சி மாறிவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். போன வாரம்கூட இரண்டு ராடு போட்டேன், இரண்டும் அருமையாக உட்கார்ந்தன. நேற்றுக் காலை இன்னொன்றுக்குத் தயாராகிக்கொண்டிருந்தபோது போனில் ஒரு குரல் பதிவு வந்தது.

"டாக்டரம்மா, செல்வராணி பேசுறேங்க. இன்னைக்கிப் பெரட்டுக்குப் போனேன். மலைக்கு நடந்தே ஏறிட்டேங்க. கழட்டுன சட்டத்துலேருந்து அந்த ரெண்டு நட்டையும் இவரு கேட்டு வாங்கிட்டு வந்து ஸ்டோருல வச்சிருக்காரு. கழட்டுறப்ப, கோடு போட்ட எடத்துலயே இருந்துச்சுங்க."

மூன்று முறை கேட்டேன். தியேட்டரில் எனக்காகக் காத்திருந்தார்கள். கை கழுவப் போகும் முன் வெளியே வந்து, அன்றைய நோயாளியின் மனைவி எங்கே என்று கேட்டேன். பெஞ்சின் ஓரத்தில் இருந்த ஒரு பெண் பயந்து எழுந்து நின்றார். உட்காரச் சொல்லி, நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். வீட்டில் அவர் காலை யார் பார்த்துக்கொள்ளப் போகிறார்கள், அவர்கள் என்ன வேலை பார்க்கிறார்கள் என்று கேட்டேன்.